சென்னைல ஒரே ஒரு நாள், ரெண்டு சின்னப் பசங்க, கூட மாமியார்: எப்படி சுத்தலாம்?

நீங்க கேட்டிருந்தது இதுதான். திருநெல்வேலில இருந்து ராத்திரி ட்ரெயின் ஏறி காலைல எழும்பூர்ல இறங்கறீங்க, அன்னிக்கு ராத்திரியே திரும்ப ட்ரெயின். கூட 3 வயசுப் பையன், 6 வயசுப் பொண்ணு, முட்டிவலி இருக்கற மாமியார். லிஸ்ட்ல மெரினா, மியூசியம், வண்டலூர், மகாபலிபுரம், ஒரு மால், டி.நகர்ல புடவை. எந்த ஆர்டர்ல போனா எல்லாத்தையும் முடிக்கலாம்னு கேக்கறீங்க.

எந்த ஆர்டர்ல போனாலும் முடியாதுங்க. கோச்சுக்காதீங்க, நானும் தென்காசிப் பக்கம்தான், கல்யாணமாகி இங்க வந்து 11 வருஷம் ஆச்சு, லீவு விட்டா போதும் ஊர்ல இருந்து யாராவது பிள்ளைங்களோட வந்து நிப்பாங்க, இந்த மாதிரி லிஸ்ட்ட நான் பாக்காத வருஷமே இல்ல. முதல் வருஷம் எங்க நாத்தனார் வந்தப்ப எனக்கும் ஒண்ணும் தெரியாது, அஞ்சு இடம் போட்டு, ஒரு வண்டியும் பேசி, காலைல ஏழு மணிக்கே கிளம்பிட்டோம். மூணாவது இடத்துல அவங்க பையன் நடுரோட்ல உக்காந்துட்டான். நாலாவது ஒரு பெரிய துணிக்கடை, அங்க படியிலயே வாந்தி. அஞ்சாவது இடம் என்னன்னே இப்ப ஞாபகம் இல்ல, போகவே இல்ல. ஊருக்குப் போயி அந்தப் பையன் தாத்தாகிட்ட என்ன சொன்னான் தெரியுமா, "மெட்ராஸ்ல ஒரு படி தானா ஏறுது"ன்னு. எஸ்கலேட்டர். அதுக்கு நாங்க ரெண்டாயிரம் ரூபா வண்டி வாடகை குடுத்திருந்தோம்.

அதனால நான் இப்பல்லாம் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். காலைல ஒரு இடம், சாயந்தரம் ஒரு இடம், நடுவுல தூக்கம். இடத்த முதல்ல எழுதிட்டு தூக்கத்துக்கு இடைல எங்கயாவது டைம் கிடைக்குமான்னு பாக்காதீங்க, தூக்கத்த முதல்ல எழுதுங்க, மிச்சம் இருக்கற நேரத்துல இடத்தப் போடுங்க. 3 வயசுப் பையன் மதியம் ரெண்டு மணி நேரம் தூங்கலன்னா சாயந்தரம் கடலே வந்து எதுக்க நின்னாலும் அழுகைதான்.

லிஸ்ட்ல இருந்து எத வெட்டறதுன்னு பாத்துடலாம். மகாபலிபுரம் இங்க இருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல, போக வரவே நாள் போயிடும், அது தனியா ஒரு நாள் வச்சுக்கிட்டு போக வேண்டிய ஊரு. வண்டலூர் 602 ஹெக்டேர், எழும்பூர்ல இருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி, பேட்டரி வண்டி இருந்தாலும் பாதி மிருகம் மத்தியானத்துல நிழல்ல படுத்துத் தூங்கிட்டிருக்கும், அத தேடித் தேடிப் பாக்கறதுக்குள்ள பிள்ளைங்க துவண்டுடும். மால் உங்க ஊர்லயும் இருக்கு. டி.நகர் ரங்கநாதன் தெருவுல 3 வயசுப் பிள்ளையக் கூட்டிட்டு நடக்கறது எனக்கே தைரியம் இல்ல. புடவைக்கு வேற வழி இருக்கு, பின்னாடி சொல்றேன்.

மிச்சம் மியூசியம், மெரினா. போதும்.

முதல்ல ரூம். "ஒரு நாளைக்கு எதுக்கு ரூம், குளிக்க வெயிட்டிங் ஹால் போதாதா"ன்னு வீட்டுக்காரர் கண்டிப்பா கேப்பார். இந்த நாளோட மொத்த வெற்றியும் அந்த ரூம்லதான் இருக்கு, மத்ததுல எதுல வேணா மிச்சம் பிடிங்க, இதுல பிடிக்காதீங்க. எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிர்ல கென்னட் லேன்ல வரிசையா லாட்ஜ் இருக்கு. புக் பண்றதுக்கு முன்னாடி 24 மணி நேர செக்-அவுட்டான்னு போன் பண்ணிக் கேளுங்க, சில இடத்துல மத்தியானம் 12 மணி கணக்கு வச்சிருப்பாங்க, காலைல ஏழு மணிக்குப் போனா ரெண்டு நாள் வாடகை ஆயிடும். லிஃப்ட் இருக்கான்னும் கேளுங்க, மாமியாருக்காக. அப்புறம் டிக்கெட்ல எழும்பூர்னு போட்டிருக்கா தாம்பரம்னு போட்டிருக்கான்னு ஒரு தடவ நல்லாப் பாத்துக்கோங்க, எழும்பூர் ஸ்டேஷன புதுப்பிக்கற வேலை நடக்கறதால சில ட்ரெயின தாம்பரத்துலயே நிறுத்தறாங்க. போற ட்ரெயினுக்கும் பாருங்க, அதுதான் முக்கியம்.

கிழமையும் பாக்கணும். எழும்பூர் மியூசியம் வெள்ளிக்கிழமை லீவு. கிண்டி சிறுவர் பூங்கா, வண்டலூர் ரெண்டும் செவ்வாய்க்கிழமை லீவு. மெரினா லைட்ஹவுஸ் திங்கள்கிழமை ஏற விடமாட்டாங்க. புதன், வியாழன் வந்தீங்கன்னா எல்லாமே திறந்திருக்கும், கூட்டமும் கம்மி. ஞாயித்துக்கிழமை சாயந்தரம் மெரினான்னா மணலே தெரியாது, தலைதான் தெரியும்.

சரி, இறங்கியாச்சு, குளிச்சாச்சு. பிள்ளைங்களுக்கு இட்லி மட்டும் குடுங்க, இங்க ஹோட்டல் சாம்பார் காரம் சின்னதுங்களுக்கு ஒத்துக்காது, சக்கரை தொட்டுக் குடுத்தாலும் பரவால்ல, ஒரு நாள்தானே. மியூசியம் ஒம்பதரைக்குத் திறக்கும், திறக்கும்போதே போயி நின்னுடுங்க. பாந்தியன் ரோட்ல இருக்கு, ஸ்டேஷன்ல இருந்து கிட்டதான், ஆனா மாமியார நடக்க விடாதீங்க, அவங்க முட்டிய சாயந்தரத்துக்கு சேத்து வைக்கணும், ஆட்டோல போங்க.

இந்த மியூசியம் 1851-ல ஆரம்பிச்சது. ஒரே கட்டடம் இல்ல, ஒரு பெரிய காம்பவுண்டுக்குள்ள தனித்தனியா பல கட்டடம், எல்லாத்தையும் பாக்கணும்னா பெரியவங்களுக்கே ஒரு முழு நாள் ஆகும். நீங்க மூணே மூணு பாருங்க. முதல்ல விலங்கியல் பகுதி, திமிங்கலத்தோட எலும்புக்கூடு இருக்கும். எங்க பையன அவன் 4 வயசுல கூட்டிட்டுப் போனப்ப அதுக்குக் கீழ நின்னு ரொம்ப நேரம் அண்ணாந்து பாத்துட்டு, "அம்மா, இதோட தோல யாரு கழட்டுனா?"ன்னு கேட்டான். எங்கிட்ட பதில் இல்ல. அங்க நின்ன வாட்ச்மேன் அண்ணாதான் "கடல்ல மீனுங்க சாப்ட்டுடுச்சு கண்ணு"ன்னாரு, அதுக்கப்புறம் ஒரு வாரம் எங்க வீட்ல யார் மீன் சாப்ட்டாலும் அவன் உத்து உத்துப் பாத்துட்டிருந்தான். பாடம் பண்ண பறவைங்க, மிருகமெல்லாம் அதே பக்கம்தான், சின்னவன் "முழிச்சிருக்கா தூங்குதா"ன்னு கேப்பான், ஏதாவது சொல்லித் தயாரா வச்சுக்கோங்க.

ரெண்டாவது, குழந்தைகள் மியூசியம்னு தனியா இருக்கு, அங்க பத்து நிமிஷம் அரை மணி நேரம் அவங்க இஷ்டம். மூணாவது வெண்கலச் சிலை கேலரி, இது மாமியாருக்காக. திருவாலங்காட்டு நடராஜர், திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் எல்லாம் இங்கதான் இருக்கு, சோழர் காலத்து வேலை, கோயில்ல இருந்தா அலங்காரத்துக்குள்ள முகம் மட்டும்தான் தெரியும், இங்க விரல் நகம் வரைக்கும் தெரியும். பெரியவகிட்ட "அவரு மாதிரி ஒத்தக்கால்ல எவ்ளோ நேரம் நிக்க முடியும்னு காட்டு"ன்னு சொல்லி விட்டுடுங்க, மாமியார் நிம்மதியாப் பாத்து முடிக்கறவரைக்கும் அவ எண்ணிட்டிருப்பா. கண்ணாடிப் பெட்டிய மட்டும் தொட விடாதீங்க.

அமராவதிச் சிற்பம், நாணயம், ஓவியம் எல்லாம் அருமையான சமாச்சாரம், ஆனா இன்னிக்கு வேண்டாம். அங்கங்க போர்டு இழுக்கும், "வந்தது வந்துட்டோம்"னு தோணும், இந்த "வந்தது வந்துட்டோம்"தான் பிள்ளைங்களோட போற எல்லா ட்ரிப்பையும் கெடுக்கறது. பதினொண்ணே காலுக்கு வெளிய வந்துடுங்க, அழுகை ஆரம்பிச்சு வெளிய வரக்கூடாது, இன்னும் கொஞ்ச நேரம்னு கேக்கும்போதே வந்துடணும். வண்டலூர் போகலன்னு பெரியவ மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தான்னா இதச் சொல்லுங்க: அந்த ஜூ 1855-ல முதல்ல ஆரம்பிச்சதே இந்த மியூசியம் வளாகத்துலதான், அப்புறம் சென்ட்ரல் பக்கம் போயி, 1985-லதான் வண்டலூர் போச்சு. இந்த மரத்தடியில ஒரு காலத்துல புலி இருந்திருக்கும்னு சொன்னா எங்க வீட்டு வாண்டுங்களுக்கு அது போதும்.

புடவை சொன்னேன்ல. அதே பாந்தியன் ரோட்லயே கோ-ஆப்டெக்ஸோட பெரிய ஷோரூம் இருக்கு, தில்லையாடி வள்ளியம்மை மாளிகை. மியூசியத்துல இருந்து ரெண்டு நிமிஷம். வீட்டுக்காரர் பிள்ளைங்களோட மியூசியம் புல்வெளில இருக்கட்டும், நீங்களும் மாமியாரும் மட்டும் போயி அரை மணி நேரத்துல எடுத்துட்டு வந்துடுங்க. காட்டன், காஞ்சிபுரம், ஆரணி, சேலம் எல்லாம் ஒரே எடத்துல கிடைக்கும், பேரம் பேசற தொல்லையும் இல்ல. டி.நகர் போன திருப்தி வராதுதான், ஆனா பிள்ளைய தொலைக்காம புடவை வாங்கின திருப்தி வரும்.

பன்னெண்டு மணிக்கு ரூம். தயிர்சாதம் வாங்கிட்டு வந்து ரூம்லயே ஊட்டிடுங்க, ஹோட்டல்ல உக்கார வச்சு ஊட்டினா அவன் சாப்பிடறதுக்குள்ள உங்க சாப்பாடு ஆறிடும். ஒரு மணிக்கு கர்ட்டன இழுத்து விட்டு சின்னவன தூங்க வைங்க, மாமியாரும் கால நீட்டிப் படுக்கட்டும்.

இங்கதான் ஒரு சிக்கல், 6 வயசு தூங்காது. அது கட்டில்ல குதிச்சு தூங்கறவன எழுப்பி விட்டுடும். அதுக்கு நான் வச்சிருக்கற வழி மெட்ரோ. எழும்பூர்லயே மெட்ரோ ஸ்டேஷன் இருக்கு, அப்பாவும் பொண்ணும் மட்டும் கோயம்பேடு வரைக்கும் போயிட்டு வரட்டும். அந்த லைன் எழும்பூர்ல பூமிக்கு அடியில போகும், திருமங்கலம் தாண்டினதும் மேல ஏறி வெளிச்சத்துக்கு வரும், அந்த ஒரு நிமிஷத்துக்காகவே போகலாம். எங்க பொண்ணு கண்ணாடில மூஞ்சிய ஒட்டி வச்சுக்கிட்டு "இப்ப வரும், இப்ப வரும்"னு சொல்லிட்டே இருப்பா, வெயில் சட்டுனு உள்ள அடிச்சதும் கத்துவா, பக்கத்து சீட் ஆபீஸ்காரங்க எல்லாம் போன விட்டுட்டு சிரிப்பாங்க. வெளிய மண்டை பொளக்கற வெயில் இருக்கற நேரத்துல ஏசில ஒரு மணி நேரம், ஒரு ஐஸ்க்ரீம், எஸ்கலேட்டர் வேற. 90 சென்டிமீட்டருக்குக் கீழ இருக்கற பிள்ளைங்களுக்குத்தான் டிக்கெட் வேண்டாம், பெரியவளுக்கு எடுத்துடுங்க. அப்பாவோட தனியாப் போனதுங்கறதே அவளுக்கு பெரிய விஷயம், தம்பி பொறந்ததுல இருந்து அது எங்க கிடைச்சிருக்கும்?

மூணரைக்கு மேல மெரினா கிளம்புங்க. நேரா ஆட்டோல போயிடலாம், ஆனா எனக்குப் பிடிச்ச வழி வேற. சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷன் வரைக்கும் ஆட்டோ, அங்க இருந்து வேளச்சேரி போற பறக்கும் ரயில். டிக்கெட் பஸ்ஸ விட கம்மி. வீட்டு மொட்டை மாடி, காயப் போட்ட துணி, பக்கிங்ஹாம் கால்வாய், சேப்பாக்கம் கிரிக்கெட் ஸ்டேடியம் எல்லாத்தையும் ஒட்டி மேலயே போகும், சேப்பாக்கத்துக்கு அடுத்த ஸ்டேஷன் திருவல்லிக்கேணி, அங்க இறங்கினா பீச்சுக்கு ஆட்டோல அஞ்சு நிமிஷம். உங்க பையனுக்கு இந்த ஊர்லயே பெரிய வேடிக்கை அந்த பத்து நிமிஷமாத்தான் இருக்கும், எழுதித் தர்றேன். ஒரே ஒரு விஷயம், அந்த ஸ்டேஷன் எல்லாம் உயரத்துல, படி ஜாஸ்தி. மாமியாரால முடியாதுன்னா நீங்களும் அவங்களும் ஆட்டோல போயிடுங்க, வீட்டுக்காரர் பிள்ளைங்களோட ரயில்ல வரட்டும், பீச்ல சேந்துக்கலாம்.

எங்க சேரணும்னா விவேகானந்தர் இல்லத்துக்கு எதிர்ல. அங்க சொல்றதுக்கு காரணம் இருக்கு. மெரினாவுல ரோட்ல இருந்து தண்ணி வரைக்கும் மணல்ல நடக்கறது லேசுப்பட்ட தூரம் இல்ல, முட்டி வலிக்காரங்க பாதியிலயே "நீங்க போயிட்டு வாங்க"ன்னு உக்காந்துடுவாங்க. 2022-ல மாற்றுத்திறனாளிகளுக்காக அங்க மணல் மேல மரப் பாதை போட்டாங்க, 263 மீட்டர், கடல் கிட்ட வரைக்கும் போகும், ஓரத்துல கைப்பிடியும் இருக்கு. திறந்த அடுத்த மாசமே மாண்டஸ் புயல்ல அடிபட்டு, திரும்ப சரி பண்ணாங்க. எங்க மாமியார் இருபது வருஷமா மெட்ராஸ்ல இருந்தும் அந்தப் பாதை வந்த பிறகுதான் அலைய கிட்டப் போயிப் பாத்தாங்க.

அந்த விவேகானந்தர் இல்லம் இருக்கே, வட்டமா இருக்கும், அது பிள்ளைங்களுக்கு சொல்ல நல்ல கதை. 1842-ல கட்டினப்ப அது ஐஸ் வைக்கற குடோன். ஃப்ரிட்ஜ் இல்லாத காலம், அமெரிக்காவுல குளிர்ல உறைஞ்சு போற ஏரியில இருந்து ஐஸ்கட்டிய அறுத்து, மரத்தூள்ல பொதிஞ்சு, கப்பல்ல ஏத்தி மாசக்கணக்கா கடல்ல கொண்டு வந்து இந்த வீட்ல வச்சு வித்திருக்காங்க. அதான் இன்னிக்கும் அந்த ஏரியாவுக்கு ஐஸ்ஹவுஸ்னு பேரு. விவேகானந்தர் 1897-ல அமெரிக்கா போயிட்டுத் திரும்பி வந்தப்ப இங்க தங்கினார், மாமியாருக்கு அந்தக் கதை. வெளியில நின்னு சொன்னாப் போதும், உள்ள போக வேண்டாம், கடல் தெரிஞ்சதும் யாரும் நிக்க மாட்டாங்க.

நாலரை மணிக்கு அப்புறம் மெரினா பிள்ளைங்களுக்கு வசதி. கடல் கிழக்கப் பாத்து இருக்கறதால வெயில் முதுகுப் பக்கம் போயிடும், கண்ணு கூசாது, கடல் காத்தும் அடிக்கும். சூரியன் கடல்ல விழறதப் பாக்கலாம்னு நெனச்சு வராதீங்க, அது உங்க கன்னியாகுமரிலதான், இங்க விடியக்காலைல உதிக்கறதுதான். பௌர்ணமியா இருந்தா இருட்டற நேரத்துக்கு நிலா தண்ணிக்குள்ள இருந்து கிளம்பும், அதுக்கு ஒரு கால் மணி நேரம் சேத்து உக்காரலாம்.

கடல்ல கால் நனைக்க மட்டும்தான். மெரினாவுல குளிக்கத் தடை இருக்கு, தடைக்கு காரணமும் இருக்கு, இழுவை ஜாஸ்தி, ரெண்டடி போனா சட்டுனு ஆழம். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவங்க கை, போட்டோ எடுக்கறவங்க கை அதுல சேராது. அலைய அஞ்சு நிமிஷம் பாத்துட்டு மணலுக்கு வந்துடுங்க, ரூம்ல இருந்தே ஒரு பிளாஸ்டிக் டம்ளரும் ஸ்பூனும் எடுத்துட்டு வந்தீங்கன்னா ஒரு மணி நேரம் ஓடும். குதிரை சவாரி, கையால சுத்தற ராட்டினம், பலூன் சுடறது எல்லாம் இருக்கும், ஏறறதுக்கு முன்னாடி காசு பேசிடுங்க. தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல் நீங்க சாப்பிடுங்க. மொளகா பஜ்ஜியும் நீங்கதான். பிள்ளைங்களுக்கு ரூம்ல இருந்து எடுத்துட்டு வந்த பொட்டுக்கடலை, வாழப்பழம், காய்ச்சி ஆற வச்ச தண்ணி.

கூட்டத்துல தொலையறது பத்தி பயமா இருக்கும். காணும் பொங்கலுக்கு இங்க போலீஸே பிள்ளைங்க கையில அப்பா அம்மா போன் நம்பர் எழுதின பட்டை கட்டி விடுவாங்க. நீங்க சாதாரண நாள்லயும் பால்பாயிண்ட் பேனாவால உள்முழங்கையில நம்பர எழுதி விட்டுடுங்க, பேப்பர் சட்டைப்பைல இருந்து விழுந்துடும். ரெண்டு பேருக்கும் பளிச்சுன்னு மஞ்சளோ ஆரஞ்சோ சட்டை போடுங்க, நீலம் வேண்டாம், அந்தப் பின்னணில கண்ணு பிடிக்காது.

ஆறு மணிக்கு எழுந்துடுங்க. ராத்திரி எட்டரை ஒம்பதுக்கு ட்ரெயின்னா அதுக்கு மேல இருக்கறது நல்லதில்ல, காமராஜர் சாலைல அந்நேரம் டிராஃபிக் ஜாஸ்தி. காலுல இருக்கற மணலக் கழுவறேன்னு தண்ணி தேடி அலையாதீங்க, நல்லா காயவிட்டு பேபி பவுடர் போட்டுத் துடைச்சா மணல் கொட்டிடும். ஈர டிரஸ்ஸ மாத்த ஒரு செட் பையில இருக்கட்டும், திரும்பறதுக்கு நேரா ஆட்டோ, ரயில் ஆசை வேண்டாம். ரூம்ல வெந்நீர்ல குளிப்பாட்டி, ரெண்டு இட்லி, நைட் டிரஸ் போட்டே ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போங்க.

மழைக் காலத்துல, அதாவது அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள வந்தீங்கன்னா பீச் நிச்சயம் இல்ல, அப்ப சாயந்தரத்துக்கு கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம். தமிழ்லயே ஷோ இருக்கு, பெரியவளுக்குப் பிடிக்கும், ஆனா சின்னவன் இருட்டுக்கு அழுவான்னா யாராவது ஒருத்தர் வெளிய இருக்கணும். வெள்ளிக்கிழமைல மாட்டிக்கிட்டீங்கன்னா காலைல மியூசியத்துக்கு பதிலா கிண்டி சிறுவர் பூங்கா, 2024-ல புதுப்பிச்சுத் திறந்தாங்க, மானும் பறவையும் பக்கத்துலயே பாம்புப் பண்ணையும் இருக்கு. மே மாசம் மட்டும் வராதீங்க, அக்னி நட்சத்திரத்துல நாங்களே உங்க ஊர் பக்கம் குத்தாலம் சீசனுக்கு நாள எண்ணிட்டிருப்போம்.

தேதி என்னன்னு சொல்லுங்க, கிழமை பாத்து எத மாத்தணும்னு சொல்றேன். மாமியாருக்கு ரெண்டு பக்கமும் கீழ் பெர்த் கிடைச்சுதான்னும் பாத்துடுங்க.